முதியவர் கையிலே வண்டி

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியிலே சிறிது நேரம் நின்று பாருங்கள். கண்டி வீதியால் வடக்கே போவோரும் தெற்கே போவோரும் அங்கே வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படுவர். பஸ் சாரதி, லொறிச் சாரதி, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், உழவு இயந்திரத்திலே நெல் ஏற்றிச் செல்பவர் என்ற வேற்றுமை அவ்விடத்தில் இல்லை. வழித்துணை எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. ஆனால், அங்கிருந்து புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும் அந்தச் சமத்துவம் மறைந்துவிடுகிறது. வீதியோரமாக மெல்லச் செல்லும் பழைய மோட்டார் சைக்கிளையும் அதன்மேல் இருக்கும் நரைத்த தலையையும் கண்டவுடன், பின்னால் வரும் இளைஞர் ஓயாது ஒலியெழுப்புகிறார். முந்திச் செல்லும்போது, "இந்த வயதிலை கிழவருக்கு ஏன் இந்த வேலை?" என்ற சொல்லும் காற்றோடு வருகிறது.

அந்தக் கேள்வியை ஏளனமாக விட்டுவிடாமல், உண்மையான கேள்வியாகவே எடுத்து ஆராய்வது நன்று. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அதன்பின் அவ்வீதம் உயர்ந்தே வந்திருக்கிறது. வன்னியிலோ, பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, தாயும் தந்தையும் மட்டும் தங்கியுள்ள வீடுகள் பல. முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் தனித்தனியே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் செல்ல வேண்டும். பிரதான வீதியை விட்டு உள்ளே சென்றால், நாளுக்குச் சில தடவைகளே பஸ் வண்டியைக் காணும் ஊர்கள் உண்டு. மருந்து வாங்கவும், வயலைப் பார்க்கவும், வங்கிக்குப் போகவும், ஒரு செத்தவீட்டிலே தலைகாட்டவும் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளே முதியவருக்குக் காலாக இருக்கிறது. அதைப் பறிப்பது அவரை வீட்டு முற்றத்தோடு கட்டிவைப்பதற்கு ஒப்பாகும். பறியாமல் விடுவதோ, சில வேளைகளிலே, பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைப்பதாகும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி உண்டா என்பதே நம் முன்னுள்ள வினா.

இவர்கள் யார்?

நாம் "கிழவர்" என்று ஒதுக்கும் இந்தச் சாரதிகளின் வரலாற்றைச் சிறிது நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1990ஆம் ஆண்டு தொடங்கி 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்திலே, வன்னியில் பெற்றோல் மருந்துபோல அளந்து வைக்கப்பட்ட பொருளாயிற்று. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓடச் செய்த வித்தையை அன்று கற்றவர்கள் இவர்களே. உலகின் பிற இடங்களிலே காட்சிப் பொருள்களாகிவிட்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்களை நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான வீதிகளிலே ஓட்டினார்கள். 2009ஆம் ஆண்டிலே முள்ளிவாய்க்கால் வரை ஓட்டிச் சென்ற வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வவுனியா முகாம்களை அடைந்து, மீள்குடியேறிய பின் மறுபடியும் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வாழ்க்கையைத் தொடங்கியவர்களும் அவர்களுள் உளர். வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் என்று இவர்களை யார் சொல்ல முடியும்?

ஆயினும் ஓட்டத் தெரிதல் வேறு. ஓட்ட இயலுதல் வேறு. முன்னது மனத்திலே தங்கும் கல்வி. பின்னது கண், காது, கழுத்து, கால் ஆகியவற்றைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டை உணராமையினாலேயே முதியவரும் தவறுகிறார். அவரைப் பழிப்பவரும் தவறுகிறார்.

முதுமை செய்யும் மாற்றம்

முதலாவது கண். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது. வில்லை மஞ்சளித்து மங்குகிறது. 20 வயது இளைஞரின் விழித்திரையை அடையும் ஒளியிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே 60 வயதினரின் விழித்திரையை அடைகிறது என்று கண்ணியல் அறிஞர் கணித்துள்ளனர். எதிரே வரும் வண்டியின் விளக்கொளியாற் கூசிய கண், மீண்டும் தெளிவு பெறுவதற்கும் முன்னையிலும் அதிக நேரம் வேண்டும். பகலிலே குறையேதுமின்றி ஓட்டும் ஒருவர், இரவிலே முற்றிலும் வேறு மனிதராகிவிடக் காரணம் இதுவே. வன்னியின் இரவு எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கில்லாத சைக்கிள், பின்விளக்கு எரியாத உழவு இயந்திரப் பெட்டி, தார் வீதியின் சூட்டுக்காகப் படுத்திருக்கும் கறுத்த மாடு, சில பகுதிகளிலே அந்தி மயங்கியதும் வீதியைக் கடக்கும் யானை, இவையெல்லாம் இளங்கண்ணுக்கே சோதனையானவை.

இரண்டாவது, ஒரே வேளையிலே பலவற்றைக் கவனிக்கும் ஆற்றல். சந்தியிலே நின்று வலப்புறம் திரும்பும் சாரதி, எதிரே வரும் வண்டியின் வேகத்தை மதிக்க வேண்டும். பக்கத்தாற் செல்லும் சைக்கிளைப் பார்க்க வேண்டும். குறுக்கே நடப்பவரையும் காண வேண்டும். மூத்த சாரதிகளின் விபத்துக்கள் சந்திகளிலே, அதிலும் எதிர்வரும் வண்டிகளைக் கடந்து திரும்பும்போது மிகுதியாக நேர்வதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கழுத்தைத் திருப்ப இயலாத மூட்டுவலியும், தூக்கம் தரும் மாத்திரைகளும், நீரிழிவுக்காரரின் இரத்தத்திலே சீனி திடீரெனக் குறைவதும் இதனோடு சேர்ந்துகொள்ளலாம். 2013ஆம் ஆண்டிலே கிளிநொச்சிக்கும் 2014இலே யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கிய பின், காவலற்ற கடவைகளிலே காது மந்தமும் உயிருக்கு ஆபத்தாயிற்று.

மூன்றாவது, கண்டதைக் கையும் காலும் செயலாக்க எடுக்கும் நேரம். இங்கே மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 16.7 மீற்றர் ஓடும். மாடொன்று குறுக்கிட்டதைக் கண்டு பிறேக்கை மிதிக்க ஓர் இளைஞருக்கு ஒரு செக்கன் ஆகிறதென வைத்துக்கொள்வோம். பிறேக்கிலே கால் படுமுன்பே அவர் 16.7 மீற்றர் சென்றுவிடுவார். ஒரு முதியவருக்கு அதற்கு ஒன்றரைச் செக்கன் ஆகிறதென்போம். ஆனால், அவர் 40 கிலோமீற்றர் வேகத்திலே வருகிறார். அவர் செல்லும் தூரம் எவ்வளவு? அதுவும் 16.7 மீற்றரே. அதன்பின் வண்டி வழுக்கி நிற்பதற்கு வேண்டிய தூரமோ, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், இளைஞருக்கு வேண்டியதிற் பாதிக்கும் குறைவு. ஆகவே, எந்த மெதுவான ஓட்டத்தைக் கண்டு நாம் ஒலியெழுப்பி எரிச்சலடைகிறோமோ, அந்த மெதுவே முதுமையின் குறையை ஈடுசெய்யும் கணக்காக இருக்கிறது. அவரை விரைவுபடுத்தும் ஒலி, அவரிடமிருந்து அந்தப் பாதுகாப்பையே பறிக்கிறது.

எண்கள் கூறுவது

அமெரிக்காவிலே ஓடிய தூரத்துக்கு எத்தனை விபத்து என்று கணக்கிட்டபோது, பதின்ம வயதுச் சாரதிகளே முதலிடம் பெற்றனர். அறுபதுகளிலுள்ளோர் மிகப் பாதுகாப்பான சாரதிகளுள் வைத்து எண்ணப்பட்டனர். எழுபதைத் தாண்டிய பின் விபத்து வீதம் மெல்ல ஏறுகிறது. எண்பதிலே தெளிவாக உயர்கிறது. இளங்கன்று பயமறியாது என்ற நம் பழமொழியை எண்களும் மெய்ப்பிக்கின்றன. முதியோர் பெரும்பாலும் குடித்துவிட்டு ஓட்டுவதில்லை, போட்டிக்கு முந்துவதில்லை, மழையையும் இருட்டையும் தாமாகவே தவிர்த்துக்கொள்கின்றனர்.

அந்த ஏற்றத்தையும் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். ஒரே விபத்திலே இளைஞர் காயத்தோடு தப்ப, முதியவர் இறந்துவிடுகிறார். எலும்பின் வலுக் குறைவு அங்கே ஓட்டும் குறையாகத் தோற்றமளிக்கிறது. மேலும், குறைந்த தூரமே ஓட்டுபவர் எந்த வயதினராயினும் ஊருக்குள்ளும் சந்திகளிலுமே பெரிதும் ஓட்டுவர்; ஆகவே அவர்களது விபத்து வீதம் உயர்ந்தே காணப்படும். இவற்றைக் கழித்துப் பார்க்காமல் வயதின்மேல் பழி போடுதல் நீதியன்று.

பிற நாடுகள் கற்ற பாடம்

இப்படிச் சொல்வதால் ஆபத்தே இல்லை என்று கருதிவிடலாகாது. 2019 ஏப்ரலிலே ரோக்கியோவின் இக்கெபுக்குரோப் பகுதியில் 87 வயதுச் சாரதி ஒருவரின் கார் கட்டுக்கடங்காது பாய்ந்ததில், ஓர் இளந்தாயும் அவரது மூன்று வயது மகளும் உயிரிழந்தனர். பிறேக்குக்குப் பதிலாக வேகமிதியை மிதித்தார் என்று கண்ட நீதிமன்றம் 2021இலே அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. அதே 2019 சனவரியில், எலிசபெத் மகாராணியாரின் கணவர் இளவரசர் பிலிப், 97 வயதிலே தாமே ஓட்டிய காரை மற்றொரு கார்மேல் மோதினார். அதிலிருந்த பெண்ணொருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. தாழ்ந்திருந்த சூரியனின் ஒளியையே காரணமாகக் காட்டி அவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே தமது அனுமதிப்பத்திரத்தையும் தாமாக ஒப்படைத்தார்.

நாடுகள் இதற்குப் பல வழிகளை நாடியுள்ளன. யப்பானிலே 75 வயதைக் கடந்தவர்கள் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது நினைவாற்றற் சோதனைக்கு உட்பட வேண்டும். நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, 80 வயதுக்குப் பின் இரண்டாண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனையும் வகுப்பும் உண்டு. பிரித்தானியாவிலே 70 வயது முதல் மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தல் வேண்டும்.

டென்மார்க் கற்ற பாடம் சிந்திக்கத்தக்கது. 2006ஆம் ஆண்டிலே அந்நாடு எழுபது வயதினருக்கு நினைவாற்றற் சோதனையைக் கட்டாயமாக்கிற்று. 2012இலே வெளிவந்த ஆய்வொன்று அதன் விளைவை ஆராய்ந்தது. முதிய சாரதிகளின் மரண விபத்துக்கள் குறையவில்லை. மாறாக, நடந்தும் சைக்கிளிலும் சென்று இறந்த முதியோரின் தொகை கூடியிருந்தது. காரை இழந்தவர்கள் வீட்டிலே இருந்துவிடவில்லை; மேலும் ஆபத்தான முறையிலே வீதிக்கு வந்தனர். வயதை மட்டும் காரணமாகக் கொண்ட கட்டாயப் பரிசோதனையை அந்நாடு 2017இலே நீக்கியது. நம் ஊரிலே மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்த முதியவர் விளக்கில்லாத சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே வீதிக்கு வரமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

வீட்டிலே செய்யத்தக்கவை

நம் நாட்டிலே தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம் சாரதிகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்குகிறது. இலகு வாகன அனுமதிப்பத்திரமோ எட்டாண்டு செல்லும். 65 வயதிலே தெளிவாக இருந்த கண் 73இலும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த இடைவெளியைக் காக்க வேண்டியவர்கள் வீட்டார்.

பிரித்தானியச் சாரதிகள் 20 மீற்றர் தூரத்திலிருந்து ஒரு வண்டியின் இலக்கத் தகட்டை வாசிக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இதை நம் படலையடியிலே நின்றும் செய்து பார்க்கலாம். பேரப்பிள்ளைகளோடு விளையாட்டாகச் செய்தால் முதியவருக்கு மனத்தாங்கலும் இராது. அதோடு, வண்டியிலே புதிய கீறல்கள் தோன்றுகின்றனவா, பழகிய பாதையிலே வழி தடுமாறுகிறாரா, புதிதாக வாங்கிய கியர் இல்லாத வண்டியிலே மிதிகளை மாற்றி மிதிக்கிறாரா என்பவற்றையும் கவனிக்கலாம். கண்ணிலே புரை இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. அமெரிக்காவின் அலபாமாவிலே நடந்து 2002இலே வெளியான ஆய்வில், கண்புரை சத்திர சிகிச்சை செய்துகொண்ட முதிய சாரதிகளின் விபத்து வீதம் செய்யாதவர்களுடையதிற் பாதியளவாக இருந்தது. வண்டியை நிறுத்துமுன் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளிலே முடிவு "ஓடலாம்", "ஓடக்கூடாது" என்ற இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பகலில் ஓடலாம், இரவில் வேண்டாம். வயலுக்குப் போகலாம், கண்டி வீதிக்கு வேண்டாம். தனியே போகலாம், பேரப்பிள்ளையை ஏற்ற வேண்டாம். இப்படிப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனால், நினைவு தடுமாறும்போதும், மயக்கம் வந்து போகும்போதும், கண் திருத்த முடியாத அளவு மங்கிய பின்னும், தயக்கத்துக்கு இடமில்லை. இங்கேதான் நம் சமூகத்தின் மற்றொரு குறை வெளிப்படுகிறது. வீதியிலே அறியாத முதியவரைப் பழிக்கும் நாம், வீட்டிலே நம் தந்தையிடம் வாய் திறக்க அஞ்சுகிறோம். மரியாதை என்ற பெயரால் மௌனமாக இருந்து, ஒரு நாள் பொலிசாரிடமிருந்தோ வைத்தியசாலையிலிருந்தோ செய்தி வந்த பிறகு அழுகிறோம். "அப்பா, இரவிலை நீங்கள் ஓட வேண்டாம், நான் கொண்டுபோய் விடுறன்" என்று சொல்வது அவமரியாதையாகாது. அந்த வார்த்தையின் முதற்பாதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுவதே அவமரியாதை.

இன்று வன்னியிலே அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் மோட்டார் சைக்கிளிற் செல்லும் பெண்கள் பலர். மகனில்லாத வீட்டிலே மகளும் மருமகளும் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். அயலிலுள்ள ஓட்டோக்காரரோடு கிழமைக்கு இரு நாள் என்று பேசி வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிலே "இனி ஓட வேண்டாம்" என்று கட்டளையிடும் பிள்ளைகள், அந்த ஓட்டோக் கூலியையும் மாதந்தோறும் அனுப்பி வைத்தல் வேண்டும். சாவியை வாங்கிக்கொள்ளும் கை, மறுநாட் காலையிலே அவரை ஏற்றிச் செல்லவும் முன்வருமாயின், கொடுக்கிற கையும் அவ்வளவு நடுங்காது.