இடுப்பு நோவும் இயன்முறை மருத்துவமும்

மாதவிடாயின்போது வயிற்றில் சிறிது நோவு தோன்றுவது இயல்பே. ஆனால், பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லவொட்டாமல் மாதந்தோறும் ஒரு பெண்ணைப் படுக்கையில் கிடத்தும் நோவு இயல்பானதன்று. "கலியாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று நம் காரைக்கால் பகுதியில் பெரியோர் ஆறுதல் கூற நான் பலகால் கேட்டிருக்கிறேன். அவ்வாறுதலால் நோய் தீர்வதில்லை. மருத்துவம் தொடங்கும் நாள்தான் தள்ளிப்போகிறது.

இத்தகைய கடும் நோவுக்குரிய காரணங்களுள் ஒன்று எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, சூலகம், குடல் முதலிய வேறிடங்களில் வளர்வதே அது. மாதவிடாயின்போது அத்திசுவிலும் குருதி கசிகிறது. அரசலாற்று நீருக்குக் கடல் உண்டு. இக்குருதிக்கோ வெளியேற வழியில்லை. வடிகாலற்ற வயலில் நீர் தேங்கிப் பயிரைக் கெடுப்பதுபோல, அது சுற்றிலும் அழற்சியையும் தழும்பையும் உண்டாக்குகிறது. கருவுறும் வயதுடைய பெண்களுள் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இதற்கும் உடற்பயிற்சிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். கையை இறுக மூடிச் சற்று நேரம் வைத்திருங்கள். விரல்கள் வலிக்கத் தொடங்கும். நோவு கண்ட இடத்தைக் காக்க, இடுப்பின் அடித்தளத் தசைகளும் இவ்வாறே தாமாக இறுகுகின்றன. நாளடைவில் அவ்விறுக்கமே புதியதொரு நோவாகிவிடுகிறது. அதைத் தளர்த்துவதே இயன்முறை மருத்துவரின் பணி. வயிறு மெல்ல உயர்ந்து தாழுமாறு ஆழ்ந்து மூச்சுவிடுதல், இடுப்பையும் தொடையையும் நீட்டித் தளர்த்துதல், வெந்நீர் ஒத்தடம் ஆகியன அவர் கையாளும் முறைகளுட் சில.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் விளக்கிய புகழ்பெற்ற பயிற்சி, தளர்ந்த தசையை இறுக்கி வலுவூட்டுவதற்காக அமைந்தது. முன்னமே இறுகிய தசைக்கு அது நோவை மிகுதிப்படுத்தக்கூடும். ஆகவே, தேர்ந்தவர் சோதித்துச் சொல்லும் பயிற்சியையே செய்தல் வேண்டும்.

மேலும், பயிற்சி அத்திசுவை அகற்றுவதில்லை. பலருக்கு நோவைத் தணிக்கும் துணையாக உதவுகிறது. மருந்தா, அறுவையா என்பதை மகப்பேறு, பெண்கள் நல மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். நம் ஊரில் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது.

மாணவியரே, நோவு வரும் நாளையும் அதன் கடுமையையும் ஒரு சுவடியில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாணவர்களே, உங்கள் தமக்கையோ தங்கையோ நோவென்று சொன்னால் நம்புங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள்.