மாறியது ஜன்னல்தான், சாவி அல்ல!

"புது புரோகிராமுக்கு மாறினா என் பிட்காயின் போயிடுமாடா?" என்று கேட்டார் என் மாமா. அவரிடம் இருப்பது டிரெசர் ஒன். பிராக் நகரத்து சடோஷிலேப்ஸ் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட சின்னஞ்சிறு கருவி. முன்பு அதை பிரவுசர் வழியாக இயக்கினார்கள். 2021 ஜூலையில் கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ளும் 'டிரெசர் சூட்' வந்தது. மாமாவுக்கோ மாறப் பயம்.

சரி, காசு எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரிலும் இல்லை, கருவியிலும் இல்லை! கணக்கெல்லாம் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. செலவுக்குக் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி மட்டுமே கருவிக்குள். மென்பொருள் வெறும் ஜன்னல். ஜன்னலை மாற்றினால் வீட்டிலுள்ள பொருள் காணாமல் போகுமா?

நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து சூட்டை இறக்கி நிறுவினேன். கருவியைச் சொருகினேன். பின் நம்பரை மாமா போட்டார். இருப்பு அப்படியே வந்து நின்றது!

அதற்குள் அவர் 24 சொற்கள் எழுதிய தாளை நீட்டினார். "உள்ளே வையுங்க மாமா!" என்றேன். கருவி தொலைந்தாலோ கெட்டாலோதான் அது வேண்டும். மென்பொருள் மாற்றத் தேவையே இல்லை. 2021-ல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலேயே டிரெசர் பெயரில் ஒரு போலிச் செயலி இருந்தது. அதில் சொற்களைத் தட்டிய ஒருவர் 17.1 பிட்காயினை இழந்தார்.

மாமாவின் தாள் பீரோவுக்குள் போய்விட்டது. உங்கள் வீட்டுத் தாள் எங்கே இருக்கிறது நண்பர்களே?

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்