சாலையோரச் சாப்பாடு – 17
வெங்காயம் உரிக்கிற கடைகள்

பெரம்பலூரில் ஒரு கடைக்குள் நுழையும் முன் நான் போர்டைப் பார்ப்பதில்லை, வெங்காயத்தைப் பார்ப்பேன். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகம் விளையும் மாவட்டங்களில் இது முன்வரிசை. செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் போனால், வயலோரம் பட்டறை போட்டு, மேலே கீற்று மூடி, விலை ஏறட்டும் என்று வெங்காயத்தைக் காத்து வைத்திருப்பார்கள். ஆனால் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்து ஊத்தப்பம் கேளுங்கள். மேலே தூவி வருவது பெரும்பாலும் பெல்லாரி!

ஓட்டல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாலு பெல்லாரியை நறுக்கி முடிக்கும் நேரத்தில் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடிகூட உரிபடாது. உரிக்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். ஆகவே ஒரு கடையில் சின்ன வெங்காயம் தட்டில் விழுந்தால், யாரோ விடியற்காலையிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட சமையலில் மற்றதும் சரியாகவே இருக்கும். எனக்குப் பெரும்பாலும் பொய்க்காத கணக்கு இது.

அந்தக் கணக்கின்படி பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலக்கரை போகும் வழியில் என் முதல் மதிப்பெண் எந்த ஓட்டலுக்கும் இல்லை, கோடையில் நிழல் பார்த்து நிற்கும் கம்பங்கூழ் வண்டிக்குத்தான். மோர் விட்டுக் கரைத்த கூழ். பக்கத்தில் மோர் மிளகாய், கொத்தவரை வத்தல், உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய மாங்காய்த் துண்டு. நடுவே ஒரு கிண்ணம் நிறைய சின்ன வெங்காயம். இங்கே அதை நறுக்க மாட்டார்கள். முழுசாக எடுத்துக் கடிக்க வேண்டும். அந்தக் காரமும் உள்ளே இருக்கிற மெல்லிய இனிப்பும் சேர்ந்தால்தான் கூழுக்கு ருசி.

“அக்கா, இன்னும் ரெண்டு வெங்காயம்?”

“எடுத்துக்கங்க தம்பி, இதுக்கென்ன கேட்டுக்கிட்டு.”

விலை இறங்கிக் கிடக்கும் காலத்துப் பேச்சு இது. 2019 கடைசியில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனதே, அது மாதிரியான நாட்களில் கிண்ணம் வண்டிக்காரர் கைப்பக்கம் நகர்ந்துவிடும். கேட்டால் எண்ணித்தான் தருவார்கள்.

1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரான ஊர். கலெக்டர் ஆபீஸ் ஊழியர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள், சொந்த வேலையாய் வந்து மதியம் வரை காத்திருக்கும் கிராமத்து ஜனங்கள். இவர்களை நம்பித்தான் மெஸ்கள் நடக்கின்றன. சாம்பாரில் முழு வெங்காயம் மிதந்தால் உட்காருங்கள். இனிப்பு, காரம் என்றால் உள்ளூர்க்காரர்கள் அஸ்வின்ஸ் என்பார்கள்; இங்கிருந்து கிளம்பித் திருச்சி வரை கிளை விட்ட கடை, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாற்கரச் சாலை மோட்டல்களைப் பற்றியும் அப்படித்தான். வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்குப் போடும் சாப்பாட்டில் அக்கறை எப்படி இருக்கும்?

வெங்காயமாவது கூழ் வண்டி வரை வருகிறது. மக்காச்சோளத்தின் கதை இன்னும் விநோதம். கரிசல் காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான் நிற்கிறது. ஆனால் ஊருக்குள் அதைச் சாப்பிட ஒரு கடை தேட வேண்டும். விளைந்ததில் பெரும்பங்கு கோழித்தீவனமாகிவிடுகிறது. நாமக்கல் பண்ணைகளில் முட்டையாக மாறி, ராத்திரி கொத்து பரோட்டா கல்லில் உடைபடும்போதுதான் பெரம்பலூர்க்காரர் வாயில் அது படுகிறது.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பல்லவனோ வைகையோ பிடிக்க வேண்டுமானால் முப்பது கிலோமீட்டர் கிழக்கே, அரியலூருக்குத்தான் வர வேண்டும். 2001-ல் மாவட்டமாகி, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007-ல் மறுபடி தனிக்குடித்தனம் போன ஊர் இது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. (இப்போது மீன் வறுவல் கேட்டால் ஐஸ் பெட்டியில் வந்ததுதான்.) அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லுக்காக சிமென்ட் ஆலைகள் வந்தன, ஆலைகளுக்காக லாரிகள் வந்தன, லாரிக்காரர்களுக்காக அகாலத்திலும் டீ ஆற்றுகிறார்கள். சுண்ணாம்புத் தூசி படிந்த சட்டையோடு நிற்கும் டிரைவருக்கு மாஸ்டர் கேட்காமலேயே டிகாஷன் கூட்டி ஊற்றுவார். நமக்கும் அதுவே வேண்டுமானால், “லாரி டீ மாதிரி போடுங்கண்ணே” என்று சொன்னால் போதும்.

சாப்பாட்டுக்கு நான் தேரடி, மார்க்கெட் தெருப் பக்கம் காலையில் போவேன். காய்கறி இறக்கி முடித்த சுமைக்காரர்கள் எந்த இட்லிக் கடை முன் நிற்கிறார்களோ அங்கே நின்றால் சரி. வெங்காயச் சட்னி கேளுங்கள். ரோஸ் நிறம் காட்டினால் சின்ன வெங்காயம், வெளிறிப்போய் இருந்தால் பெல்லாரி. தக்காளி சேர்த்து அரைத்துவிட்டால் மட்டும் நிறத்தை நம்ப முடியாது, நாக்கைத்தான் கேட்க வேண்டும்.

பங்குனி, சித்திரையில் போகிறவர்கள் பஸ்ஸை ஆண்டிமடம் வரை நீட்டிக்கொள்ளலாம். அங்கே முந்திரித் தோப்பில் கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை ஒதுக்கியிருப்பார்கள். உப்புத் தொட்டுத் தின்றால் தொண்டை கமறும், ஆனாலும் கை நிற்காது. ஒரு நாள் தாண்டினால் புளித்துவிடுவதால் வேறெந்த ஊர்ச் சந்தையிலும் அதைத் தேடிப் பயனில்லை. சாறு சட்டையில் பட்டால் கறை போகாது. பழைய சட்டையோடு போங்கள்.