மோட்டார் வண்டியின் பூச்சும் அதனை மட்டமாக்கும் முறையும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் கல்லை மெருகிடும் தொழில் மிகப் பழையது; மோட்டார் வண்டியை மெருகிடும் தொழிலோ புதியது. முன்னதற்கு மாமல்லபுரமே உறைவிடம். பல்லவ வேந்தர் தோற்றுவித்த கோயில்கள் நிற்கும் அவ்வூரில் உளியோசை இன்றும் ஓயவில்லை. 1957-ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற அரசினர் கல்லூரியொன்று அங்குச் சிற்பக் கலையைக் கற்பித்து வருகின்றது. பின்னதற்கு மறைமலை நகரைச் சான்றாகக் கூறலாம். ஆங்கிருந்த ஃபோர்டு தொழிற்சாலை 1999-இல் ஐகான் என்னும் வண்டியை வெளியிட்டது. 2022-இல் உற்பத்தி நின்றது. ஆயினும் பெருஞ்சாலைகளின் ஓரங்களிலே வண்டிகளுக்கு வர்ணம் தீற்றி மெருகிடும் சிறு பட்டறைகள் பல உள்ளன.

இவ்விரு தொழில்களுக்கும் உப்புத்தாளும் நீரும் பொது, பொறுமையும் பொது. ஆனால் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. சிற்பி தேய்க்கும் கல் மேலும் கீழும் ஒரே பொருள். சிறிது மிகுதியாகத் தேய்ந்தாலும் அடியில் இருப்பது கல்லே. வண்டியின் பூச்சு அத்தகையதன்று. அதனை மிகுதியாகத் தேய்த்தால் அடியில் வெளிப்படுவது வேறொரு பொருள். இவ்வேற்றுமையை உணர்ந்தவனே கருவிகளைத் தெரிந்தெடுக்க வல்லவனாவான்.

வண்டியின் கதவிலே ஒரு விளக்கின் நிழல் விழுமாறு நின்று நோக்குக. நிழலின் விளிம்பு நேர்கோடாகத் தோன்றாது நெளிந்து தோன்றுமாயின், அப்பூச்சு நுண்ணிய மேடுபள்ளம் உடையது என்றறியலாம். தொழிலாளர் இதனை ஆரஞ்சுத் தோல் என்பர். பீச்சுத் துப்பாக்கியிலிருந்து வர்ணம் சிறு துளிகளாகவே வந்து படிகின்றது. அத்துளிகள் ஒன்றோடொன்று கலந்து பரவுதற்குச் சிறிது நேரம் வேண்டும். அதற்குள் வர்ணம் இறுகிவிடின் துளிகளின் வடிவம் அப்படியே நின்றுவிடும். நம் மாவட்டத்துச் சித்திரை வைகாசி வெயிலில் தின்னர் விரைவில் ஆவியாகின்றது; ஆதலின் இக்குறை எளிதில் நேரும். துப்பாக்கியைத் தொலைவிற் பிடித்தலும், காற்றின் அழுத்தம் குறைதலும், வர்ணம் குழைவின்றிக் கெட்டியாயிருத்தலும் பிற காரணங்கள். எனவே கோடைக்கேற்ற, மெல்ல உலரும் தின்னரைத் தேர்தலும், வெயில் தாழ்ந்த வேளையில் வேலை செய்தலுமே முதற் கருவிகள் எனலாம். வாராத குறையை நீக்க வேண்டுவதில்லை.

வந்த குறையை நீக்குவது எங்ஙனம்? அதற்கு முன் பூச்சின் அமைப்பை அறிதல் வேண்டும். இக்காலத்து வண்டியின் இரும்புத் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சும், பிரைமரும், நிறம் தரும் பூச்சும், எல்லாவற்றிற்கும் மேலாகக் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சும் முறையே அமைந்துள்ளன. இவையனைத்தும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிப்பே உடையன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரான். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியின் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் அளவினதே. வெயிலின் புற ஊதாக் கதிர்களையும் மழையையும் உப்புக் காற்றையும் தடுத்து நிற்பது அம்மெல்லிய படலமே. நாம் தேய்ப்பதும் அதனையே.

மட்டமாக்குதல் என்பது யாது? பள்ளத்தை நிரப்புதலன்று, மேட்டைப் பள்ளத்தளவாகக் குறைத்தலேயாம். ஆதலின் மட்டத்திற்கு நாம் கொடுக்கும் விலை தடிப்பு. தொழிற்சாலைப் பூச்சிலிருந்து சுமார் 8 மைக்ரானுக்கு மேற் குறைத்தல் நன்றன்று என்பது தொழிலறிந்தோர் பலர் கூறும் எச்சரிக்கை. மறுபூச்சிட்ட வண்டியின் நிலை வேறு. பின்னர்த் தேய்த்தற்கென்றே கிளியர் கோட்டை மிகுதியாகப் பூச அங்கு இடமுண்டு. எனவே, எந்தத் தாள், எந்த இயந்திரம் என்று வினவுமுன், இது தொழிற்சாலைப் பூச்சா, மறுபூச்சா என்று வினவுதல் வேண்டும்.

இதனை அறிதற்குத் தடிப்பளக்கும் சிறு கருவியுண்டு. இரும்பின்மீது காந்த முறையாலும், அலுமினியத்தின்மீது சுழல் மின்னோட்ட முறையாலும் அது அளக்கும். பிளாஸ்டிக் பம்பர்மீது அம்முறைகள் பயன்படா. அக்கருவி பூச்சனைத்தின் கூட்டுத் தடிப்பைக் காட்டுமேயன்றிக் கிளியர் கோட்டை மட்டும் பிரித்துக் காட்டாது. ஆயினும் தேய்க்குமுன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அளந்தால் இழந்தது எவ்வளவு என்பது புலனாகும். அளவாமல் தேய்த்தல், ஆழமறியாது ஆற்றில் இறங்குதல் போலாம்.

இனிக் கருவிகளைக் காண்போம். பளபளப்பு வேறு, மட்டம் வேறு. மெருகுக் குழம்பிட்டு நுரைப்பஞ்சுச் சக்கரத்தால் தேய்த்தால் பளபளப்பு உண்டாகும். ஆனால் மெத்தென்ற அச்சக்கரம் மேட்டிலும் பள்ளத்திலும் ஒருங்கே ஊர்ந்து செல்லுமாதலின் மட்டம் பெரிதும் உண்டாகாது. மங்கலையும் கீறலையும் போக்குதற்கு அதுவே போதும். அங்கே உப்புத்தாளை எடுத்தல் மிகை. மேடுபள்ளம் போக வேண்டுமாயின் மட்டும் நீர்விட்டுத் தேய்க்கும் தாளை நாடலாம். அதனை வெறுங்கையாற் பிடித்தால் விரல்கள் அழுந்துமிடத்தே வாய்க்கால் போன்ற தடம் விழும். தட்டையான, கெட்டியான கட்டையிற் சுற்றித் தேய்த்தால் தாள் மேடுகளை மட்டும் தொட்டுச் செல்லும். வளைந்த பாகங்களுக்குச் சற்றே வளையும் ரப்பர்க் கட்டை ஏற்றது.

தாளின் எண் உயர உயர மணல் நுண்மையாகும். 1500 எண் தாளின் மணல் சுமார் 12½ மைக்ரான். 2000 எண்ணுடையது சுமார் 10 மைக்ரான். மறைவான சிறிய இடத்தில் முதலில் நுண்மையான தாளையே சோதித்து, அது போதாதபோது மட்டும் ஒருபடி கீழிறங்குதல் அறிவுடைமை. தேய்க்கும்போது அடிக்கடி நீரைத் துடைத்து நோக்குக. மேடுகள் மங்கியும் பள்ளங்கள் மின்னும் புள்ளிகளாயும் தோன்றும். அப்புள்ளிகள் பெரும்பாலும் மறைந்தவுடன் கையை நிறுத்துக. கடைசிப் புள்ளியையும் துரத்துவோர் கிளியர் கோட்டையே துரத்திவிடுவர். பின்னர் 3000 எண் தாளால் முன்னைய கீறல்களை நுண்ணியவாக்கி, இறுதியில் மெருகிடலாம்.

மெருகு இயந்திரம் இருவகை. ஒரே அச்சிற் சுழல்வது விரைவில் வேலை முடிக்கும், சூடும் மிகும். சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் அசைவது மெல்ல வேலை செய்யும், பிழை பொறுக்கும். கம்பளிச் சக்கரம் மிகுதியாக அறுக்கும், நுரைப்பஞ்சு மென்மையானது. பழகாதவர் இரண்டிலும் பிந்தியதைக் கொள்வது நலம். கதவின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெலிந்திருக்குமாதலின் அவற்றின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக் காத்தல் வேண்டும். மேலும், ஒரு கதவை மட்டும் கண்ணாடி போலாக்கினால் பக்கத்திலுள்ள கதவோடு ஒவ்வாது, பழுதுபார்த்த இடம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். அங்கே வேண்டுவது முழு மட்டமன்று, ஒத்த தோற்றமே.

கடற்கரையோரத்தார் இன்னுமிரண்டு கருதல் வேண்டும். காற்றொடு வந்து படிந்த மணலில் ஒரு துகள் தாளுக்கடியில் அகப்பட்டாலும் ஆழ்ந்த கீறல் விழும். ஆதலின் நன்னீரால் நன்கு கழுவியபின்னரே தேய்த்தல் தொடங்கவேண்டும். அடுத்தது பெரிது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது. அதன் கற்சிற்பங்கள் பல, உப்பாலும் மணற்காற்றாலும் முகமழிந்து நிற்பதை நாம் காண்கின்றோம். கருங்கல்லையே தேய்க்கும் காற்று, மெலிந்த பூச்சை விட்டுவைக்குமோ? கிளியர் கோட் இழந்த இடம் வெயிலில் வெளுத்து உரியும். பூச்சு தகடு வரை பழுதுபட்டால் உப்பு அங்கே துருவை வளர்க்கும். கண்ணாடி மட்டத்தின் பொருட்டு இன்று நீக்கிய சில மைக்ரான் சில ஆண்டுகளில் வண்டி முழுதும் மறுபூச்சிடும் செலவாகத் திரும்பி வருதல் கூடும்.

தொழிலாளியின் உடல்நலமும் இதில் அடங்கும். உலர்தேய்ப்பின் தூசி மார்புக்குக் கேடு. நீர்விட்டுத் தேய்த்தல் அதனை அடக்கும். கடினமாக்கி சேர்த்துப் பூசும் இக்கால வர்ணங்களில் பலவற்றிலுள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் இரைப்பு நோயை விளைவிக்க வல்லது. மூக்கிற் கட்டிய கைக்குட்டை அதனைத் தடுக்காது. தக்க மூச்சுக் கவசமும் நல்ல காற்றோட்டமும் இன்றியமையாதன. வேலையைக் கொடுப்போரும் இதனை வினவுதல் கடமை.

சுருங்கக் கூறின், அளந்தறிக, மென்மையானதிலிருந்து தொடங்குக, வேண்டியது கிடைத்தவுடன் நிறுத்துக. சிறந்த தொழிலாளி வண்டியிலிருந்து எத்துணை எடுத்தான் என்பதிலன்று, எத்துணை விட்டுவைத்தான் என்பதிலேயே அவன் திறம் விளங்கும்.