கட்டுப் போட முடியாத காயம்!

கையில் காயம் பட்டால் என்ன செய்கிறோம்? மருந்து வைத்து, துணியால் கட்டுகிறோம்.

அந்தத் துணி எங்கே நெய்தது தெரியுமா? இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்ததாக இருக்கலாம்! அங்கே விசைத்தறிகளில் 'பேண்டேஜ்' துணி நெய்கிறார்கள். வெளி மாநில ஆஸ்பத்திரிகளுக்கும் அது போகிறது.

ஊரார் காயத்துக்குத் துணி நெய்பவருக்கே ஒரு காயம் வருவது உண்டு. அதில் ரத்தம் வராது. வலி இருக்காது. கட்டுப் போடவும் முடியாது. அது காதுக்குள் படும் காயம்!

தினம் ஒரு மிதி

விசைத்தறியில் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் பாயும். ஒரு கூடத்தில் பல தறிகள் ஓடினால், பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும்.

மாலையில் காது அடைத்தாற்போல் இருக்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அதனால் யாரும் பயப்படுவது இல்லை. ஆனால் தினமும் எட்டு மணி நேரம், வருடக்கணக்கில் கேட்டால்?

காதுக்குள் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் மயிரிழை உள்ள நுண்ணிய செல்கள், சுமார் 15 ஆயிரம். ஒலியை மூளைக்கு அனுப்புபவை அவைதான்.

பயிரை ஒரு நாள் மிதித்தால், சாய்ந்து நிமிரும். தினமும் மிதித்தால்? பட்டுப்போகும். இந்தச் செல்களும் அப்படித்தான். பயிரை மறுபடி நடலாம். செத்த செல் மறுபடி முளைக்காது!

மேளம் கேட்கும், பேச்சு விளங்காது

முப்பது வருடம் தறி ஓட்டிய ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேளச் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்கும். பக்கத்தில் நிற்கும் பேத்தி, "தாத்தா, பஞ்சு மிட்டாய்!" என்றால் விளங்காது. இரைச்சலில் கெடும் காதுக்கு, மெல்லிய கீச்சுக் குரல்தான் முதலில் மறையும்.

வீட்டிலோ தினமும் சண்டை.

"நான் சொல்றது உங்க காதுல ஏறவே ஏறாதா?" என்பார் மனைவி.

"வாய்க்குள்ளே முணுமுணுத்தா எனக்கு எப்படிக் கேக்கும்?" என்பார் அவர்.

இருவர் சொல்வதும் பொய் அல்ல!

நாளடைவில் அவர் கல்யாண வீட்டில் ஒதுங்கி உட்காருவார். நாலு பேர் சிரித்தால், தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைப்பார். இரவில் காதுக்குள் 'ஙொய்' என்ற இரைச்சல். தூக்கம் வராது. காதில் பட்ட காயம் மனதுக்குப் போய்விட்டது!

நடுவயதில் காது மந்தமானால், பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடும் என்று 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2020-ம் ஆண்டில் கூறியது.

பழைய நோய்

இது புதிய நோய் அல்ல. வெனிஸ் நகரில் செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் செவிடாவதை இத்தாலிய டாக்டர் ராமசினி 1713-ம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். இங்கிலாந்தில், லங்காஷயர் நெசவாலைப் பெண்கள் தறிச் சத்தத்துக்கு இடையே உதட்டை அசைத்தே பேசிக்கொண்டார்கள்.

தப்ப வழி உண்டு

கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டி இருந்தால், அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது. இதுதான் அடையாளம்.

பஞ்சு அடைத்தால் போதும் என்று நினைக்கக்கூடாது. பஞ்சு சத்தத்தை அதிகம் தடுக்காது. இதற்கென உள்ள காதடைப்பானைப் போட வேண்டும். அவ்வப்போது கூடத்தை விட்டு வெளியே வந்து காதுக்கு ஓய்வு தர வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை காதைச் சோதிக்க வேண்டும். இரைச்சல் கேட்கிறது என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றக்கூடாது.

ஏற்கனவே காது மந்தமானவருக்குக் காது கேட்கும் கருவி உதவும். மூக்குக்கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படுகிறோமா? இதற்கு ஏன் வெட்கம்?

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கத்தாதீர்கள். அவர் முகத்துக்கு எதிரே வந்து, நிதானமாகச் சொல்லுங்கள். உங்கள் உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார்.

காதுக்குக் கட்டுப் போட முடியாது. மனதுக்குப் போடலாம் அல்லவா?