லெதார்ஜி: சொற்பொருளும் தமிழாக்கமும்

ஊக்கங் குன்றிய நிலையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் 'லெதார்ஜி' என்பதும் ஒன்று. இதற்குச் 'சோம்பல்' எனப் பொருளெழுதுதல் இன்று பெருவழக்கு. முதுகலை மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக, நோயுற்ற குழந்தைகளைப் பற்றிய பத்தியொன்றை ஒருகால் யான் தந்தேன். இச்சொல் வந்தவிடத்துப் பெரும்பாலோர் 'குழந்தை சோம்பலாக இருக்கும்' என்றே எழுதினர். சோம்பல் குற்றம், நோயன்று. குற்றத்தைக் கடிந்துரைப்பர், நோய்க்கு மருந்து தேடுவர். ஆதலின் இச்சொல்லின் வரலாற்றைச் சிறிது ஆராய்தல் தகும்.

இது கிரேக்கத்திற் பிறந்த சொல். 'லீத்தே' என்பது மறதி. 'ஆர்கோஸ்' என்பது செயலற்றது. இரண்டுங் கூடிய சொல், மறதியாற் செயலற்றுக் கிடப்பவனைக் குறித்தது. லீத்தே என்பது கீழுலகத்து ஆறொன்றன் பெயருமாம். மறுபிறப்பெய்தவிருக்கும் உயிர்கள் அவ்வாற்று நீரைப் பருகிப் பழைய நினைவை இழக்கும் என வர்ஜில் தம் காப்பியத்தின் ஆறாம் பகுதியிற் கூறுவர். 'ஆர்கோஸ்' என்பதோ, வினையெனப் பொருள்படும் 'எர்கோன்' என்பதன் எதிர்மறை. 'எனர்ஜி' என்பதும் எர்கோன் அடியாகத் தோன்றியதே. ஆற்றலைக் குறிக்கும் சொல்லும் ஆற்றலின்மையைக் குறிக்கும் சொல்லும் ஒரு வேரின என்பது வியப்பிற்குரியது. 1894இல் ராலேயும் ராம்சேயும் கண்டறிந்த வளி, பிறவற்றொடு எளிதிற் கூடாமை பற்றி 'ஆர்கான்' எனப் பெயர் பெற்றதும் இவ்வழியே.

பண்டை மருத்துவர்க்கு இது நோய்ப்பெயர். அறிவை மூடும் உறக்கமே அந்நோய். கி.பி. 524ஐ ஒட்டிச் சிறையிலிருந்து நூலெழுதிய போயீத்தியஸ் என்பார், மெய்யறிவு ஒரு நங்கை வடிவில் தம்முன் தோன்றித் தம் நிலையை ஆராய்ந்ததாகப் புனைந்துள்ளார். அவர் வாய்பேசாதிருத்தலைக் கண்ட நங்கை, இது லெதார்ஜி என்னும் நோயே, இவன் தன்னைத் தான் சிறிது மறந்துள்ளான் என்று தெளிகிறாள். ஈண்டுப் பழிப்புச் சிறிதும் இல்லை. மறதியென்னும் பகுதிப்பொருள் முழுதும் உயிரோடு நிற்கின்றது. சாசர் இந்நூலை ஆங்கிலப்படுத்தியபோது இச்சொல்லையும் உடன்கொண்டார். பின்னர் வழக்கிற் பொருள் நெகிழ்ந்து, மந்தம், அக்கறையின்மை என்பனவற்றையும் குறிக்கலாயிற்று. எனினும் மருத்துவத்தில் பழம்பொருள் மாயவில்லை. 1917இல் வியன்னா நகரத்து வான் எக்கனோமோ என்னும் மருத்துவர், மூளையழற்சியாற் பலர் உறங்கிக் கிடந்த நோயை விளக்கி, அதற்கு இச்சொல்லையே அடையாக்கினார்.

இனித் தமிழில் இதற்கு நேர் யாது? 'மடி' என்று கூறுவாருளர். வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதன்கண் 605ஆம் குறள் காலநீட்டிப்பு, மறதி, மடி, துயில் ஆகிய நான்கையும் ஒருங்கெண்ணுகின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் துஞ்சல், மடிமை, பொச்சாப்பு என்பனவற்றைத் தனித்தனியே எண்ணும். கிரேக்கர் ஒரு சொல்லில் அடக்கியதை நம் முன்னோர் பிரித்துக் கண்டனர். மடி என்பது அவற்றுள் ஒரு கூறே. அதுவும் கடிந்து விலக்கற்பாலது.

என் கருத்தில் இலக்கிய மொழிபெயர்ப்பிற்கு மிகப் பொருந்துவது 'அயர்வு'. அயர்தல் தளர்தலுமாம், மறத்தலுமாம், கண்ணயர்தல் உறங்குதலாம். திருவாய்மொழி முதற்பாசுரத்தில் அமரர்க்கு அடையாக வரும் அயர்வறுதலை வைணவ உரைகாரர் மறதியின்மை என்றே விளக்குவர். மூன்று பொருளும் ஒரு சொல்லில் இயல்பாகக் கூடி நிற்றல் பிறிதொன்றிற் காண்டல் அரிது. விழா அயர்தல், வெறியயர்தல் என்புழி இச்சொல்லே செய்தற்பொருளும் தரும். எர்கோனும் ஆர்கோஸும் ஓரிடத்திருந்தாற்போல!

ஆயின் தாய்மார்க்கெழுதும் நலவாழ்வு நூல்களில் அயர்வும் உதவாது. இன்றைய பேச்சில் அது வெறுங் களைப்பையே உணர்த்தும். உலக நல நிறுவனமும் யூனிசெப்பும் 1990களில் வகுத்த குழந்தை நோய் வழிகாட்டி, பால்குடிக்க இயலாமை, உண்டதனைத்தையும் கக்குதல், வலிப்பு ஆகியவற்றொடு லெதார்ஜியையும் பேரிடர்க் குறியாக வைத்தது. விழித்திருக்க வேண்டிய பொழுதிலும் விழிப்பின்றிச் சுற்றி நிகழ்வனவற்றைக் கவனியாது கிடத்தலே ஆண்டுப் பொருள். அத்தகைய குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். சோம்பல் என்று படித்த தாய், பிள்ளை சற்றே உறங்கட்டும் என விட்டுவிடுதலுங் கூடும். ஆகவே ஆண்டு ஒரு சொல்லைத் தேடி அலையாது, 'குழந்தை கூப்பிட்டால் கவனிக்காமல் மயங்கிக் கிடக்கிறது' எனத் தொடராகவே எழுதுக.