கோல்ஃப் மைதானத்துக்குப் புல்: மண்ணை விற்காதீர்கள்!

வயலில் அருகம்புல் தலைகாட்டினால் களைக்கொத்தை எடுக்கிறோம். அதே அருகின் வீரிய ஒட்டு ரகத்தை கோல்ஃப் மைதானங்கள் காசு கொடுத்து வாங்கி நடுகின்றன. அலங்காரப் புல் சாகுபடி செய்யும் விவசாயிகளே, ‘மைதானத்தில் புதிய டீ அமைக்கிறோம், புல் வேண்டும்’ என்று யாராவது கேட்டு வந்தால், விலை பேசும் முன் இதைப் படியுங்கள்.

டீ என்பது என்ன?

ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் சமதள மேடைதான் டீ. மண்ணைக் கொட்டி இறுக்கி, அதன் மேல் சுமார் 15 செ.மீ. உயரத்துக்கு மணல் பாங்கான கலவையைப் பரப்புவார்கள். மழைநீர் வழிய 100-க்கு 1 என்ற அளவில் லேசான சரிவு இருக்கும். மட்டையின் அடியில் புல் பெயர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், ஓடுதண்டு விட்டு விரைவில் மூடும் புல் தேவை.

அதற்கேற்றது, அமெரிக்காவின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து 1960-ல் வெளியான ‘டிஃப்வே’ ரகம். அங்கு பணியாற்றிய கிளென் பர்ட்டன் நமக்கும் வேண்டியவர்தான். 1965-ல் வெளியான இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு, அவர் உருவாக்கிய ‘டிஃப்ட் 23ஏ’ பெண் வரிசையில் இருந்து வந்தது.

எங்கே நஷ்டம்?

புல்லை 2 செ.மீ. மண்ணோடு பாயாகப் பெயர்த்து விற்றால், ஒரு ஏக்கரில் சுமார் 80 கன மீட்டர் மேல்மண் போய்விடும். ஏறத்தாழ 100 டன்! தொழுவுரம் இட்டுச் சேர்த்த வளம் அத்தனையும் அதில்தான் இருக்கிறது. வாங்குபவருக்கும் லாபமில்லை. களிமண்ணோடு கூடிய பாயை மணல் மீது விரித்தால், நீர் மேல் அடுக்கிலேயே தேங்கும். வேரும் கீழே இறங்காது.

என்ன செய்யலாம்?

* டிஃப்வே விதை பிடிக்காது. எனவே மண்ணை உதறிய ஓடுதண்டுகளையே நாற்றாகக் கொடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் 2, 3 கணுக்கள் இருக்கட்டும்.
* ஈரச் சாக்கில், நிழலில் வைத்து, அறுத்த மறுநாளுக்குள் நடும்படி அனுப்புங்கள். சூடேறினால் தண்டு வெந்துவிடும்.
* கோரையும் நாட்டு அருகும் கலந்தால் சரக்கு திரும்பி வரும். நடும் முன்பே கோரைக் கிழங்குகளை ஒழியுங்கள்.
* மர நிழலில் இந்தப் புல் தேறாது. வெயில் படும் நிலமாகத் தேர்வு செய்யுங்கள்.

ஓடுதண்டு நட்டால் தரை மூட 2 முதல் 3 மாதம் ஆகும். பாய் விரித்தால் அதைவிட விரைவில் ஆடலாம். அவசரம் என்று பாய்தான் கேட்டால், மணல் பாங்கான நிலத்தில் வளர்த்ததை மெல்லியதாக வெட்டிக் கொடுங்கள். இழக்கும் மண்ணுக்கு ஈடாக இடவேண்டிய தொழுவுரத்தின் செலவையும் விலையில் சேர்த்துக் கேளுங்கள்.

புல் மீண்டும் முளைக்கும். போன மேல்மண் நம் காலத்தில் திரும்பாது.